தொட்டால் சுள்ளுங்குது

காளத்தி சார் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டி வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் தெரிந்தது காசுதான், முகம் அதற்கப்புறம்தான். ஐஸ் பெட்டிக் கண்ணாடி மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, யாரோ வெளிப்பக்கம் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள், உள்ளே இருக்கிற ஆவி வெளியே துடைத்தால் எப்படிப் போகும், அதை அவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. தெருவில் திரும்பும்போது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், பார்த்தேன், வேறு வீடு என்று நினைத்தேன். செருப்புகள் கிடந்தன, தாண்டி வந்தேன். வாசலில் ஒருவர் என்னைக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன், கும்பிட்டவரிடம் "காளத்தி சார் இருக்காரா" என்றுகூடக் கேட்டிருப்பேன், வாய் திறப்பதற்குள் உள்ளே அழுகைச் சத்தம். நேற்றுச் சாயங்காலம் பேசினாரே. பத்து மணிக்கு மேல வாம்மா பிலோமினா, சௌந்தரம் மோர் வச்சிருப்பா, குடிச்சிட்டு வேலையப் பாரு. மோர். மோர் என்ற சொல் காதுக்குள்ளேயே நிற்கிறது, அவர் குரலோடு நிற்கிறது, குரலுக்குச் சொந்தக்காரர் வாயைத் துணியால் கட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். யாரோ என் முழங்கையைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். மடியில் பை. பைக்குள் டெஸ்டர், ஸ்குரூ டிரைவர், சால்டரிங் கம்பி, பச்சை எர்த் வயர் ஒரு சுருள். மாலை இல்லை. கேதத்துக்கு வந்தவள் வயர் சுருளோடு வந்திருக்கிறேன். ஐஸ் பெட்டி ங்ங் என்று இரைகிறது, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், சன்னமாக, தேனீ மாதிரி, இந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம். பின்னறையில் என் போர்டுகளின் சின்ன ஃபேன்கள். ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் போய்விட்டது போர்டுகளுக்குத் தெரியாது, கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

நான் போர்டு செய்து விற்கிறவள். கப்பலூரில் ஸ்டெபிலைசர் கம்பெனி ஒன்றில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன், கம்பெனியை மூடினார்கள், கைப்பழக்கம் மூடவில்லை. செம்புத் தகடு ஒட்டின பலகையை வாங்கி, வேண்டிய கோடுகளை மட்டும் விட்டு மற்ற செம்பைக் கரைசலில் கரைத்து, துளை போட்டு, பழைய மெஷின்களை உடைத்து எடுத்த சிப்புகளைக் கூரியரில் வரவழைத்து உட்கார்த்தி, ஃபேன் மாட்டி, தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுப்பேன். தகரத்தை வளைத்துத் தருவது அந்தோணி, என் வீட்டுக்காரர். பிட்காயின் எடுக்கிற போர்டு. உலகம் பூராவும் லட்சக்கணக்கான மெஷின்கள் ஒரே ஒரு பூட்டுக்கு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, யாருடைய மெஷின் திறக்கிறதோ அவருக்குக் காசு, உடனே அடுத்த பூட்டு. பெரிய ஆட்கள் கிடங்கு கிடங்காக மெஷின் வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் என்னுடையது கொசு. விற்கும்போதே சொல்லிவிடுவேன், இது குலுக்கல் மாதிரிங்க, விழுந்தா விழும், இல்லாட்டி கரண்டு பில்லுதான் விழும். சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வாங்குவார்கள். காளத்தி சார் சிரிக்கவில்லை. பாங்கில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர், கல்லில் உரசி உரசியே கண் இடுங்கிப்போனவர். முதல் போர்டைக் கையில் வாங்கி நகத்தால் ஈயத்தைத் தட்டிப் பார்த்தார். "பத்தவச்சது நீயா?" ஆமா சார். "பொடி வேலையில கை நடுங்கலையே." அதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்புறம் ஒன்று வாங்கினார், இன்னொன்று வாங்கினார், ஆறு போர்டு சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெரிய தகரப் பெட்டிக்குள் போட்டு ஒரே வயரில் ஓடுகிற மாதிரி செய்து தரச் சொன்னார், செய்து கொடுத்தேன், போன மாதம். அந்தப் பெட்டியைத்தான் இன்றைக்குப் பார்க்க வந்தேன். அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் வந்தேன், சாரைப் பார்க்க அல்ல, சாரை இப்படிப் பார்க்க அல்ல. ஒரு அம்மா எழுந்து ஒப்பாரி ஆரம்பித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் சாய்ந்தாள், என் தோளிலும் ஒரு கை விழுந்தது, யாரோ என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை, நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன.

அவர் சொன்னது: "பெட்டியத் தொட்டா சுள்ளுங்குதும்மா." அப்படியேதான். நான் அப்போது அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். "லேசாவா சார், பலமாவா?" "எறும்பு கடிச்ச மாதிரி. ரெண்டு நாளா." அது ஒண்ணுமில்ல சார், உங்க வீடு பழைய வீடு, எர்த்து இருக்காது, எர்த்து இல்லாட்டி எல்லா பவர் சப்ளையும் அப்படித்தான் லேசாக் கடிக்கும், நான் காலைல வந்து எர்த்து அடிச்சுத் தர்றேன், அதுவரைக்கும் செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க. இவ்வளவும் சொன்னேன். குழம்பு பொங்கியது, நெருப்பைக் குறைத்தேன், மறுபடியும் சொன்னேன், பயப்பட ஒண்ணுமில்ல சார். பயப்பட ஒண்ணுமில்ல. அணைத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அணைத்தால் அவர் வருத்தப்படுவார். ஒரு ராத்திரி அணைத்தால் அந்த ராத்திரியில்தான் விழுந்திருக்கும் என்பார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பெட்டியை வாங்கினவர்கள் ஒருவரும் அணைக்கவே மாட்டார்கள். நானும் அணைக்கச் சொல்ல மாட்டேன். சிரித்தார் சார், போனை வைக்கும்போது. "செருப்பு போட்டுக்கிட்டா தங்கத்தத் தொடச் சொல்ற?" இப்போது அவர் காலைப் பார்க்கிறேன். இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வெறுங்கால். செத்தவர்களுக்கு வெறுங்கால்தான், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான், அப்படித்தானே?

பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "எப்பிடித்தா?" "திடீர்னு விழுந்துட்டாரு." விழுந்துட்டாரு. விழும், விழும் என்று தினமும் காலையில் எனக்குச் செய்தி அனுப்புவார், இன்னைக்கும் விழலம்மா, நாளைக்கு விழும். விழுந்துட்டாரு. எங்கே விழுந்தார்? அதைக் கேளேன், யாராவது கேளுங்களேன். கேட்டவள் கேட்கவில்லை, "அய்யய்ய" என்றாள், "சக்கரை இருந்துச்சோ" என்றாள், மற்றவள் ஏதோ சொன்னாள், ஒப்பாரி அதை மூடிவிட்டது. விடியக்காலை, என்று ஒரு சொல் கேட்டது. பொசுக்குனு, என்று ஒரு சொல். பின்னறையிலா? எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத்தான் போய்ப் பார்ப்பார், அதன் சின்னத் திரையில் எண்கள் ஓடுவதை, பல் விளக்கக்கூட மாட்டேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். குளித்துவிட்டு ஈரத்தோடு போயிருந்தால்? தரை சிமெண்ட் தரை. மாதாவே. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது எப்படி ஆளை அடிக்கும், அடிக்காது, எனக்குத் தெரியும், கசிவு கரண்டு அது, மயிர்க்கூச்சு எடுக்கும், அவ்வளவுதான். கசிவாக இருந்தால். கசிவு என்று நான்தானே சொன்னேன், பார்க்காமல், குழம்பைக் கிண்டிக்கொண்டே, டாக்டர் போனில் மருந்து சொல்கிற மாதிரி. கம்பெனியில் ஒரு முறை செல்வகணி அண்ணனுக்கு அடித்தது, விரல் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு, சுற்றிலும் கறுப்பு, அவர் பிழைத்துக்கொண்டார், அந்தப் பொட்டு மட்டும் வருஷக்கணக்கில் இருந்தது. சார் கையைப் பார்க்க வேண்டும். வலது கை. நெஞ்சின் மேல் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மாலை மறைக்கிறது, ஆவி மறைக்கிறது. நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். பக்கத்தில் இருந்த பெண் நான் அழத்தான் போகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினாள். "அழுதுருத்தா, அடக்காத. நீ அவருக்கு என்ன வேணும்?" என்ன வேணும்? கடை இருந்தால் கடைக்காரி என்று சொல்லலாம். தெரிஞ்சவங்க, என்றேன். எந்த ஊரு? இங்கதான். எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பாள். கேட்பதற்குள் சத்தம் நின்றது.

எல்லாச் சத்தமும் இல்லை, ஐஸ் பெட்டியின் சத்தம். தலைக்கு மேல் ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. அதனோடு பின்னறைத் தேனீயும் நின்றது. "கரண்டு போயிருச்சு" என்றார்கள், "எதிர் வீட்ல இருக்கு" என்றார்கள், "ஃபியூஸு" என்றார்கள். மஸ்கட்டிலிருந்து மகள் வர வேண்டும், நாளைக்குத்தான் வருவாள், அதற்காகத்தான் ஐஸ் பெட்டி. சித்திரை வெயில், பந்தலுக்கு அடியிலேயே முகம் கொதிக்கிறது. பெட்டி கொண்டுவந்த ஆள் வாசலில் மெயினைத் திறந்து ஃபியூஸ் கட்டையை உருவினான், வயர் உருகியிருந்தது, புதுசு போட்டுச் சொருகினான், பெட்டி இரைந்தது, தேனீ இரைந்தது, மறுபடியும் எல்லாம் நின்றது. "லோடு தாங்கலண்ணே," என்றான் அவன், சாரின் தம்பியைப் பார்த்து. தம்பிதான் காரியங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார், துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். "ஃப்ரிட்ஜ நிப்பாட்டியாச்சுப்பா." "வேற என்னம்மோ இழுக்குதுண்ணே. இஸ்திரிப் பெட்டி கணக்கா இழுக்குது." எனக்குத் தெரியும் அது எது என்று. ஆறு போர்டு. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து சொல்ல வேண்டும், பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதன் பிளக்கைப் பிடுங்குங்கள் என்று. சொன்னால் நீ யாரு என்பார்கள். பெட்டி செய்தவள். எந்தப் பெட்டி? சார் விழுந்துகிடந்த இடத்துப் பெட்டி. அப்படி ஒரு இடம் இருந்தால். இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது, தெரியாதவரைக்கும் நான் ஒரு தெரிந்தவள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பேருந்தேறிப் போய்விடலாம், என் நம்பர் அவர் போனில் மட்டும்தான் இருக்கிறது. இப்படியும் நினைத்தேன். என் மனசுதான் இப்படி நினைத்தது, வேறு யாருடையதோ போல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்காரன் சட்டைக் கையை மடித்தான். "உள்ள ஒரு ரூம்ல என்னம்மோ லைட்டு மின்னுச்சுண்ணே, நான் பாத்தேன். நான் போயி நிக்கேன், நீங்க கட்டையச் சொருகுங்க, எது ஓடுதுன்னு கையவச்சுப் பாத்துருவோம்." அவன் கால் ஈரமாக இருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், மிதித்துக்கொண்டு வந்திருந்தான், சிமெண்ட் தரையில் அவன் பாதம் பாதமாகப் பதிந்தது, ஒன்று, அடுத்தது, பின்னறைக்கு நேராக.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. ஒப்பாரி நின்றது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின, வெயிலில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றிருக்கிறேன், பை கீழே கிடக்கிறது, பச்சை வயர் உருண்டு ஐஸ் பெட்டிக்கு அடியில் போயிருக்கிறது. "கட்டையப் போடாதீங்க, யாரும் உள்ள போகாதீங்க, அந்தப் பெட்டியில கரண்டு இருக்கு, நான் செஞ்சது, நான்தான் செஞ்சது." தம்பி கையில் ஃபியூஸ் கட்டையோடு அப்படியே நின்றார். "நீங்க யாரும்மா?" பதில் என் வாயிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. சாரின் தலைமாட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினார்கள், தலைமயிர் கலைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "பிலோமினாவா?" அன்றைக்கு முன்னால் சௌந்தரம் அம்மாவை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். "நீ வருவேன்னு நேத்தே சொன்னாருத்தா. மோர் கடைஞ்சு வைன்னாரு." நான் அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். "எங்கம்மா விழுந்தாரு?" அந்தக் கேள்வியை காலையிலிருந்து எத்தனை பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள், பதில் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று வந்தது. "முக்குக் கடையிலத்தா. டீ சொல்லிட்டு பெஞ்சில உக்காந்திருக்காரு. பேப்பர விரிச்சவரு அப்படியே பக்கத்தாள் மேல சாஞ்சுட்டாராம். டீ வந்து கிளாசுல இருக்கு, ஆள் இல்ல. டாக்டர் வந்து பாத்தாரு, மாரடைப்புன்னுட்டாரு."

முக்குக் கடை. பெஞ்ச். என் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று மளமளவென்று இறங்கிப் போனது. கை விரல்களெல்லாம் சூடாயின. நானில்லை. நானில்லை, என் பெட்டியில்லை, டீக்கடை, நாலு பேர் பார்க்க, பேப்பர் படித்துக்கொண்டு. சந்தோஷம், அதற்கு வேறு பெயர் கிடையாது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, உதடு விரியப் பார்த்தது, சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், எல்லாரும் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். காளத்தி சார் செத்துக் கிடக்கிறார், நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சந்தோஷப்படுகிறேன். இந்த மனுஷர் என் ஈயத்தைத் தட்டிப் பார்த்து கை நடுங்கலையே என்று சொன்னவர். இப்போது நடுங்குகிறது. எழுந்தேன். வேலை ஒன்று இருந்தது, அது இருந்ததால் எழுந்தேன். பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு வாசலில் கிடந்த யாருடையதோ ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனேன், இப்போது ஃபியூஸைப் போடுங்கள் என்று குரல் கொடுத்தேன், "போட்டேம்மா, சீக்கிரம்" என்று தம்பி சொன்னார். மேஜை மேல் என் பெட்டி இருந்தது. சின்னத் திரையில் எண்கள் எண்களாக ஓடின, அவசரமில்லாமல். டெஸ்டரின் நுனியைத் தகரத்தில் வைத்தேன். லேசாக மினுங்கும் என்று எதிர்பார்த்தேன், எர்த் இல்லாத வீட்டில் மினுங்கும், அதைத்தான் நேற்றுச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. பிளக் பாயிண்டில் நேராக வைத்தால் எப்படி எரியுமோ அப்படி எரிந்தது.

சுவரில் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவினேன். கூடத்தில் ஐஸ் பெட்டி இரைந்தது, நிற்காமல் இரைந்தது, யாரோ "அப்பாடா" என்றார்கள். நான் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினேன். பின்பக்கத் துளை வழியாகத்தான் வயர் உள்ளே வருகிறது. அந்தோணி துளை போட்டுத் தரும்போதே சொல்வார், தகரத்து விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், ரப்பர் வளையம் போடாம வயர விடாத. எப்போதும் போடுவேன். போன மாதம் கடையில் அந்த அளவு வளையம் இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள், அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம் என்று டேப்பைச் சுற்றி விட்டேன். ஃபேன் ஓட ஓட பெட்டி அதிரும், அதிர அதிர விளிம்பு டேப்பை அறுத்திருக்கிறது, டேப்பை அறுத்து வயர் தோலை அறுத்திருக்கிறது. செம்பு தெரிந்தது. சிவப்பாக, ஒரு நகக்கண் அளவுக்கு. நேற்று எறும்பு கடித்தது இன்னும் முழுக்க அறுபடாத தோல் வழியாகக் கடித்திருக்கும். ராத்திரியில் அறுபட்டு முடிந்திருக்கும். காலையில் சார் நேரே டீக்கடைக்குப் போகாமல் இங்கே வந்திருந்தால்? நிமிர்ந்து பார்த்தேன், சௌந்தரம் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள், பின்னால் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். "என்னத்தா அது?" மறைக்கலாம், மூடியைப் போட்டுவிடலாம். "வயர் அறுந்திருக்கும்மா. தகரம் பூரா கரண்டு. ரப்பர் போடாம விட்டது என் தப்பு. தொட்டிருந்தா ஆளத் தூக்கியிருக்கும்." அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "செருப்பு போட்டுக்கிட்டு இதுக்குள்ள வந்தாரு நேத்து. சாமிப் படம் இருக்க ரூம்பு, செருப்பான்னு வைதேன்." அப்புறம், யாரிடமோ சொல்வது மாதிரி, "வெள்ளிக்கிழமைல்ல. நான் இந்த ரூம்பத் தொடைக்க வாளியோட வந்தேன். மேஜையத் தொடைச்சிட்டு இதையும் ஒரு தொடை தொடைக்கலாம்னு துணியப் பிழிஞ்சுக்கிட்டே இருக்கேன், டீக்கடைப் பையன் ஓடியாந்தான்." வாளி அங்கேயே இருந்தது, மேஜைக்குக் கீழே. அதன் விளிம்பில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பாதி காய்ந்து.

என்னால் அந்தத் துணியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. துணியைப் பிழிகிற நேரம். அந்த அளவுதான். அதற்குள் அவர் அங்கே சாய்ந்தார், அதனால் இவர்கள் இங்கே நிற்கிறார்கள். இதை எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நினைக்கப் போனால் நினைப்பு அந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது, திரும்ப ஆரம்பித்து திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது. சௌந்தரம் அம்மா அந்த நினைப்புக்குள் போகவில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமில்லை, அவர்கள் புருஷன் செத்துப்போயிருக்கிறார். "இப்ப அணைச்சிட்டேல்ல?" என்றார்கள். "பிளக்கப் பிடுங்கிட்டேம்மா." "அவரு ஐஸ் பெட்டி ஓடுதுல்ல?" "ஓடுதும்மா. இனி நிக்காது." "மக வந்து பாக்குறவரைக்கும் ஓடணும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல: "இதுல ஒண்ணும் விழலயாத்தா? இம்புட்டு நாள்ல?" திரையில் எண்கள் இல்லை, கறுப்பாக இருந்தது. "இல்லம்மா." "ஒண்ணுகூடவா?" "ஒண்ணுகூட இல்லம்மா." தலையை ஆட்டினார்கள். திரும்பி நடந்தார்கள், தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்கள். என்னை ஒரு வார்த்தை வைதிருக்கலாம். வைதிருந்தால் எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன், யாரும் தடுக்கவில்லை. பந்தலுக்கு வெளியே, எதிர் வீட்டு மதில் நிழலில் அதை இறக்கி வைத்துவிட்டு நிற்கும்போதுதான் அடுத்தது வந்தது: போன மாதம் ரப்பர் வளையம் இல்லாமல் செய்தது இந்த ஒன்று மட்டும் இல்லை. போனை எடுத்தேன். திண்டுக்கல்லில் பெயிண்ட் கடைக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார், அணைச்சிருங்க, பிளக்கப் பிடுங்கிருங்க, தொடாதீங்க, நான் வந்து எடுத்துக்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன், அவர் சரிங்க என்றார், ஏன் என்றார், சொன்னேன், கெட்ட வார்த்தையில் திட்டினார், நன்றிங்க என்றேன். திருமங்கலத்தில் கல்லூரியில் வேலை பார்க்கிற ஒரு பெண், "நாங்க அத வாங்குன வாரமே மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டோங்க" என்றாள், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தேனியில் சொர்ணலிங்கம். ஏடிஎம் வாசலில் ராத்திரிக் காவல் பார்க்கிறவர். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும் அடித்தேன். பந்தலில் சங்கு ஊதினார்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"அவரு தூங்குறாருங்க. நைட் டூட்டி."

"எங்க தூங்குறாரு? அந்தப் பெட்டி இருக்குமே, தகரப் பெட்டி, ஃபேன் ஓடுமே, அது பக்கத்துலயா?"

"ஆமாங்க, கட்டிலுக்குக் கீழதான. காத்து வரும்னு அதையே போட்டுக்கிட்டுப் படுப்பாரு. நீங்க யாரு?"

தூங்குறாரு. அந்தச் சொல்லை நம்ப எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை. கட்டில் இரும்புக் கட்டிலா? தூக்கத்தில் கை தொங்கியிருக்குமா? "அம்மா, நான் சொல்றத மட்டும் செய்ங்க. கையில ஈரம் இருந்தா தொடைங்க. செவுத்துல இருக்க சுவிட்ச அணைங்க. கட்டிலத் தொடாதீங்க, அவரத் தொடாதீங்க, முதல்ல சுவிட்ச்." என் குரலில் என்ன இருந்ததோ, அவள் கேள்வி கேட்கவில்லை. கொலுசு நடக்கிற சத்தம். டக் என்றது. "அணைச்சிட்டேங்க." "பிளக்கையும் பிடுங்குங்க." "ம்." "இப்ப எழுப்புங்க." "இப்பத்தாங்க படுத்தாரு, வைவாரு." "பரவால்ல, வையட்டும். எழுப்புங்க."

ஏங்க, என்றாள் அவள். போனைக் காதோடு சேர்த்து அழுத்தினேன். ஏங்க. இந்தாங்க, உங்களத்தான். பதில் இல்லை. எதிரே பந்தலுக்குள் யாரோ புதிதாக மாலையோடு நுழைந்தார்கள், உள்ளே ஒப்பாரி ஏறியது, நான் மதிலில் கையை ஊன்றிக்கொண்டேன், மதில் வெயிலில் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. ஏங்க, எந்திரிங்கங்கறேன்ல. ஒரு அசைவு. கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல், சளியும் தூக்கமும் கட்டின குரல், எரிச்சலோடு, நல்ல உயிரோடு:

"என்னடி, ஒரு கண்ணு அசர விட மாட்டியா?"

வைகிறார். வைகிறாருங்க, என்றாள் அவள் என்னிடம், குற்றம் சொல்வது போல. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன், காளத்தி சாருக்காக, அன்றைக்கு முதல் தடவையாக.